ஒட்டுத்தாள்

காலை ஆறு மணி. பதினேழாம் அறை, கதவோரம்.
மஞ்சள் தாளில் கூன் விழுந்த ஈக்கள்,
மிளகை ஒரே ஒரு தரம் இடித்த பருமனில்.
நூறுக்கு ஒரு கோடு.
இன்று நாலு கோடு,
அதற்கு மேல் பன்னிரண்டு.

குதிரைச் சாணமும் வைக்கோலும் வெந்த உரத்தில்
வெள்ளை நூல் பரவத் தொடங்கிய ஏழாம் நாள்
ஒரு வாசம் எழுமாம். என் மூக்குக்கு எட்டாது.
இவற்றுக்கு எட்டுகிறது:
வலைக்கம்பியின் கிழிசல், குழாய் நுழையும் சந்து,
நான் கதவைத் திறந்து மூடும் அந்த நொடி.
கடிக்காது, ரீங்கரிக்காது.
முட்டையிடும். புழு நூலைத் தின்னும்.
அறைக்கு அறை காலில் நோயைச் சுமக்கும்.
மிச்சமிருப்பவை
பென்சில்வேனியாவின் செப்டம்பர் வெயிலுக்கு வெளியேறி
அந்தியில்
விளக்கெரியும் சன்னல்களைத் தேடிப் போகும்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம்.
திருமதி பென்னக் தன் தூசு உறிஞ்சியின் பையை
வெள்ளைத் தாளில் கவிழ்த்தாள்.
கறுப்பாய் ஒரு குவியல்.
"இது என் ஞாயிற்றுக்கிழமை" என்றாள்.

"எண்ணிக்கை கட்டுக்குள்தான் இருக்கிறது"
என்றார் மேலாளர்.
நோட்டு என் மடியில்.
மொழிபெயர்க்க வந்த ஃபிடென்சியோ
தண்ணீர் குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான்.
ஆங்கிலத்தில் எனக்கு
எண்கள் மட்டும் பிசகாமல் வரும்.

"நானூற்றுப் பன்னிரண்டு."

யாரும் இருமக்கூட இல்லை.
திருமதி பென்னக் திரும்பிப் பார்த்தாள்,
மூன்று வருடத்தில் முதல் தடவை.
அவள் வேலிக்குப் பின்னால்
நாங்களும் விளக்கணைத்துத்தான் சாப்பிடுகிறோம்
என்று சொல்ல
எண்கள் போதவில்லை.

இரவு. குளிர்பெட்டி வெளிச்சத்தில்
யரெட்சி வீட்டுப்பாடம் போடுகிறாள்.
"அம்மா, இங்கே தசமப் புள்ளி இருக்கா, இல்லையா?"
விரலால் தொட்டேன்.
புள்ளி நகர்ந்து
அடுத்த கணக்குக்குப் போனது.

மறுநாள் என்னைப் பறிப்புக்கு மாற்றினார்கள்.
ராத்தலுக்கு இத்தனை காசு.
நெற்றி விளக்கு, சின்னக் கத்தி, ஆறடுக்குத் தட்டு.
பிடித்து, திருகி, தாளை வெட்டி, பெட்டியில்.
ஒரு தாள் உள்ளே சல்லடையாய் இருந்தால்
அதைத் தனிக் கூடையில்.

பதினேழாம் அறையில்
பழைய ஒட்டுத்தாள் இன்னும் தொங்குகிறது.
கோடு கிழிக்க ஆளில்லை.
நெற்றி விளக்கு அதன்மேல் படும்போதெல்லாம்
கை பறித்துக்கொண்டிருக்க
வாய் எண்ணுகிறது.
இருநூற்று ஆறு,
இருநூற்று ஏழு,
விளிம்பில் ஒன்று
ஏறலாமா என்று நிற்கிறது.