கழிவு எடை

ஜனவரி ஒன்று, காலை ஆறே முக்கால்.
ஸ்கூட்டர் சீட்டில் உறைபனி
யாரோ கல்லுப்பைப் பொடித்துத் தூவியதுபோல.
ரேஷன் கார்டால் சுரண்டிச் சுத்தம் செய்கிறேன்.
பிறகு நடந்துபோகிறேன்.
இன்னும் ஓட்டத் தெரியாது.
போன வருடத் தீர்மானம் அது.
தவணை மட்டும் மாதாமாதம்
விழாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டபெட்டு இலைக் கொட்டகையில்
இன்னும் ஒரு மூட்டையும் வரவில்லை.
யாரும் பார்க்காதபோது
தராசு மேடையில் ஏறி நிற்கிறேன்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி
எழுபத்தொன்று புள்ளி நாலு என்கின்றன.
ஸ்வெட்டருக்கு ஒன்று.
அதற்குள் இருக்கும் ஸ்வெட்டருக்கு முக்கால்.
மப்ளர், சாக்ஸ், கொட்டகைச் சாவிக்கொத்து.
சாக்குக்குக் கழிப்பதுபோல் கழித்துக்கொண்டே போய்
அறுபத்தெட்டில் நிறுத்தினேன்.
பதினோரு வருடமாய்க் கழித்துப் பழகிய கை.

உரக்கடையில் கொடுத்த டைரி.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
மண் பரிசோதனை செய்வீர் என்றிருக்கிறது.
அதன் தலைமாட்டில் எழுதினேன்:
தினமும் அரைமணி நேரம் நடை.
ஜெபினிடம் கத்தக் கூடாது.
டீயில் பாதிச் சர்க்கரை.
நாத்தனார் பணம் கேட்டால் இல்லையென்று சொல்வது,
சிரிக்காமல் சொல்வது.
ஸ்கூட்டர் என்று எழுதி
மேலே ஒன்றும் எழுதத் தோன்றாமல் விட்டேன்.

இரண்டாம் தேதியே கத்திவிட்டேன்.
பல் தேய்த்த நுரையோடு
"அம்மா, டைரி" என்றான்.
நாலாம் தேதி நடையில், வளைவில்
ஒரு காட்டெருமை நின்றது.
நானும் நின்றேன்.
அது தேயிலைக்குள் இறங்கி மறைய இருபது நிமிடம்.
அதையும் நடைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.
நாத்தனார் இன்னும் கேட்கவில்லை.
அதுதான் பயமாக இருக்கிறது.

ஐந்தாம் தேதி.
பனி கருக்கிய தோட்டங்களிலிருந்து
இலை சொற்பமாகத்தான் வந்தது.
மாதியம்மாளுக்கு அந்த வாரத்துக்கே ஒரு மூட்டை.
பதினேழு புள்ளி ஆறு.
சாக்குக்கு ஒன்று போனால் பதினாறு புள்ளி ஆறு.
புள்ளிக்குப் பின்னால் வருவதை
எங்கள் கொட்டகையில் எழுதுவதில்லை.
எழுதாதே என்று யாரும் சொன்னதுமில்லை.
நான் சேர்ந்த அன்று
எனக்கு முன்னால் இருந்தவர்
பேனாவை அங்கே தூக்கினார்.
நானும் அங்கே தூக்கினேன்.

ஒரு நாளைக்கு நாற்பது மூட்டை.
மூட்டைக்கு அரைக் கிலோ என்று வைத்தால்,
வருடத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தால்,
வைக்கவில்லை.
பெருக்கல் எனக்கு நன்றாக வரும்,
அதனால் வைக்கவில்லை.

மாதியம்மாள் எண்களைப் பார்க்கவில்லை.
ரசீதுக்காகக் கையை நீட்டியிருந்தார்.
குளிரில் வெடித்த விரல்கள்,
வெடிப்புக்குள் இலைக் கறை.
பதினாறு என்று எழுதினேன்.
பேனா தூக்கும் இடம் வந்தது.
தூக்கவில்லை.
புள்ளி வைத்தேன்.
மை கொஞ்சம் ஊறிப் பெரிதாகிவிட்டது.
ஆறு.

அவர் ரசீதை நாலாய் மடித்து
சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.
பின்னால் நின்ற போஜன்தான் கழுத்தை நீட்டினார்.
"லீலாக்கா, எனக்கும் அந்தப் புள்ளி உண்டா?"
இருபத்திரண்டு புள்ளி மூன்று அவருக்கு.
கழித்து எழுதினேன், மூன்றையும் சேர்த்து.
அப்புறம் வரிசை முழுக்க
எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.
ஸ்வெட்டருக்குள் வியர்த்தது எனக்கு,
உறைபனிக் காலத்தில்.

மேனேஜர் சாயந்தரம் கோத்தகிரி போய்விட்டார்.
தாள் அவர் மேஜையில்தான் இருக்கிறது.
நாளைக்குக் கேட்பார்.
என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே
ராத்திரி டைரியைத் திறந்தேன்.

நடை: இல்லை.
ஜெபின்: இரண்டு தடவை.
சர்க்கரை: முழுசாக.
ஸ்கூட்டர்: