ஏழாயிரம் அடியில் இரண்டு நிமிடம்

பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறது:
இரண்டு நிமிடம்.
மஞ்சூரில் அது நடக்காது.
இங்கே தண்ணீர் ஓர் அவசரக்காரி,
சூடு முழுசாய் ஏறுமுன்னே
கொதித்துவிட்டேன் என்று கூத்தாடுவாள்.
நாலு நிமிடம். மழைநாளில் நாலரை.
முப்பத்தோரு வருடம் கம்பமேறியவன் சொல்கிறேன்.

முதல் பாக்கெட்டை நான் வேகவைக்கவே இல்லை.
எமரால்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
இருதயம் அதை நொறுக்கி, மசாலா கொட்டிக் குலுக்கி
ஒரு பிடி தந்தான்.
விலை: அவன் கணக்கு நோட்டை நான் எழுத வேண்டும்.
மஞ்சள் விரலோடு மாட்டியது நான் மட்டும்.
பிரம்படி வாங்கிய கையை நக்கினேன்.
உப்பாக இருந்தது. பரவாயில்லை.

ஆனி மாதக் காற்று
கற்பூர மரங்களைக் கம்பிமேல் சாய்த்துவிடும்.
கிண்ணக்கொரை லைன் போனால்
நானும் போஜனும் ராத்திரியெல்லாம் நடப்போம்,
அட்டைக்குப் பயந்து சாக்ஸுக்குள் புகையிலை,
பையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், நெளிந்த சட்டி.
கரண்டியை எப்போதும் மறந்துவிடுவோம்.
டெஸ்டர் அவருக்கு, ஸ்க்ரூடிரைவர் எனக்கு.
துடைத்துவிட்டுத்தான்.
ஏழு ஊர் இருட்டில் கிடக்க
எங்கள் சட்டியில் மட்டும் ஆவி.
"சாமைச் சோறும் அவரெ உதக்கவும் வீட்டில் இருக்க
இந்தப் புழுவைத் தின்ன வந்தேன் பார், தம்பி"
என்றபடியே
அடியை வழிப்பார் போஜன்.

புஷ்பராணி, கண்டிப் பக்கமிருந்து
கப்பலேறி வந்த குடும்பம்.
கல்யாணமான புதிதில் கேரட் பீன்ஸ் அரிந்துபோட்டு
இதை ஒரு சாப்பாடாக்கிவிடப் பார்த்தாள்.
கேரட்டைப் பொறுக்கி ஓரம் வைத்தேன்.
அன்று பேசவில்லை. மறுநாளும்.
மூன்றாம் நாள் நான் நனைந்து வந்தபோது
கேரட் இல்லாத தட்டு,
மேலே சிவக்கச் சிவக்கத் தேங்காய்ச் சம்பல்.
மன்னிப்பா தோல்வியா, நான் கேட்கவில்லை.
சம்பல் இல்லாமல் அதற்குப் பிறகு சாப்பிட்டதும் இல்லை.

ஈயம் இருக்கிறதென்று
கடைக்குக் கடை வாரிக்கொண்டு போன வருடம்
பஜாரில் அப்பாஸ் கடை அலமாரி
பல் விழுந்த வாயாய் நின்றது.
பரணில், பழைய ஸ்வெட்டருக்கடியில்
என்னிடம் பதினேழு.
முப்பத்து மூவாயிரம் வோல்ட்டுக்குப்
பக்கத்தில் நின்றவனுக்கு
ஈயம் வந்து என்ன செய்துவிடும்?
வாரம் ஒன்றாய்த் தின்றேன்.
கடைசி ஒன்றை
போஜன் ரிட்டயரான சாயங்காலம்
மாலைக்கும் சால்வைக்கும் நடுவே
அவர் கோட்டுப் பைக்குள் திணித்தேன்.
தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
மேடையிலிருந்து சீக்கிரமே இறங்கிவிட்டார்.

இப்போது எனக்கு பிரஷர்.
முழங்கால் வேறு; ஆபீஸ் நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள்.
ஊட்டி டாக்டர் உப்பை விடச் சொன்னார்.
மசாலாவில் பாதிதான் போடுகிறேன்.
மீதிப் பாதிகள்
காது மடித்து ரப்பர் பேண்ட் போட்டு
டிராயரில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.
புஷ்பராணி அவ்வப்போது எண்ணிப் பார்க்கிறாள்.
எனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமென்று
அவளுக்கும் தெரியும்.

போன வாரம் ரெனிட்டா சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.
"அப்பா, இங்க நிஜமாவே ரெண்டு நிமிஷம்தான்.
நம்ம வீட்டு நேரம் வெச்சேன், கூழாப் போச்சு."
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
போனை வைத்தபின் வெகுநேரம்
பிள்ளைக்கு எதையோ தப்பாய்ச்
சொல்லிக்கொடுத்தவன்போல் இருந்தது.

இன்று கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
எதிர்மேட்டில் ஒரு டார்ச் ஏறுகிறது.
புதுப் பையன், வந்து பதினோரு நாள்,
பெயர் இன்னும் வாயில் நிற்கவில்லை.
திரும்பும்போது எங்கள் கேட் வழியாகத்தான் வரவேண்டும்.

தண்ணீர் வைத்தேன்.
மூடியைத் தட்டத் தொடங்கிவிட்டாள் பொய்க்காரி.
இரு, என்றேன்.
"எத்தனை பாக்கெட்?" என்றாள் புஷ்பராணி.
மூன்று என்றேன்.
இருட்டில்
டிராயர் இழுபடும் சத்தம்.