நாற்பத்து மூன்றாம் பாகத்தின் பின்னட்டை

யதுர்ஷா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
இது முடியாத கதை.
பத்தொன்பது வருடத்தில் நாற்பத்து மூன்று பாகம்,
மறுகா நாலு வருடமாக ஒரு பக்கமும் இல்லை.
வரைகிறவருக்கு மணிக்கட்டு நோ என்கிறார்கள்,
கடன் என்கிறார்கள்,
ராணியைச் சாகடிக்க மனம் வரவில்லை என்கிறார்கள்.
மூன்றையும் நம்புகிறேன் நான்.

குருமண்வெளித் துறைக்குப் பாதை வந்துசேர
எப்படியும் இருபது நிமிடம்.
நீ மண்டூர் ஆஸ்பத்திரியில் மருந்து எண்ணப் போகிறாய்,
நான் தடுப்பூசிப் பெட்டியோடு அதற்கும் அப்பால்.
போனில் நீ தள்ளித் தள்ளிப் பார்ப்பதெல்லாம்
அக்கரை தொடமுன் மறந்துபோகிற சாமான்.
இதைப் பிடி.

'கருந்திடல்.'
பெயரைப் பார்த்துப் பயப்படாதே கா.
ஒன்றில் தொடங்காதே, மூன்றில் தொடங்கு.
முதலிரண்டும் யார் யாருக்கு மகன் என்ற கணக்கு,
உறுதி எழுதுகிறவர்களுக்குத்தான் பிடிக்கும்.
மூன்றில், தன் நிழலை அடகுவைக்க வந்த ராணி
தராசுக்காரனிடம் கேட்கிறாள்:
'மாத வட்டி எவ்வளவு?'
அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான்
பத்துப் பாகம் போர் நடக்கிறது.

பதினொன்றை விட்டுவிடலாம்.
வேறு யாரோ வரைந்தது,
குதிரைகளுக்கெல்லாம் ஆட்டு முகம்.
ஒன்பது வாவியில் விழுந்து காய்ந்தது,
பக்கங்களை அப்பளம்போலப் பிரிக்கவேண்டும்.
இருபத்தாறுவரை வந்தால்
சமையற்காரன் சட்டுவன்மேல் ஆசை வைக்காதே.
நான் வைத்தேன்.
அன்றைக்குக் கிளினிக்கில் ஒரு கைப்பிள்ளையின் நிறையைத்
தப்பாக எழுதிவிட்டு
பின்னேரம் பழுகாமம்வரை போய்த் திருத்தினேன்.

கடைசிப் பாகத்தின் கடைசிப் படம்
இரண்டு பக்கம் விரிந்த ஆறு.
கரையில் தொண்ணூறாயிரம் பேர்,
ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி மூக்கு.
ஓடத்தில் ஒரே ஒருவன்,
மரக்கோலைத் தூக்கியிருக்கிறான்.
இன்னும் தண்ணீரில் ஊன்றவில்லை.
நாலு வருடமாக அவன் கை மேலேயே நிற்கிறது.

பாதைக்காரர் சீனித்தம்பிக்கு
எழுத்து ஓடாது, படம் ஓடும்.
என் தோளுக்கு மேலால் பார்த்தவர் சொன்னார்:
'இஞ்ச பாருங்க மிஸ்ஸி,
கை ரெண்டும் மாறிக் கிடக்கு.
இப்பிடிப் பிடிச்சா ஆத்தக் கடக்க ஏலா.
அதுதான் அந்தாள் நிக்கிறார்.'
கடன், மணிக்கட்டு எல்லாவற்றையும்விட
இதுதான் சரிபோலப் பட்டது எனக்கு.
வரைகிறவருக்குக் கடிதம் எழுதிப்போட்டேன்.
பதில் இல்லை.

இன்னொன்று.
பின்னட்டைகளைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது.
கொழும்பிலிருந்து பார்சல் வருகிற மாதம்
என் கையில் பிறந்ததுகளை அதில் எழுதுவேன்.
பெண், இரண்டு கிலோ தொளாயிரம், விடிய நாலு மணி.
ஆண், மழை, ஜீப் புதைந்தது.
ஒரு பாகத்துக்கு மூன்று பேர், நாலு பேர்,
மறுகா அடுத்த புத்தகம் வந்துவிடும்.

நாற்பத்து மூன்றில் நாலு வருடத்துப் பிள்ளைகள்.
வரிக்கு இடையில் வரி,
ஓரத்தில் நெடுக்காக,
விலைக்கு மேலேயும் எழுதியாயிற்று.
அதில் ஒருத்தியின் தாய்
'நீங்களே ஒரு பேர் சொல்லுங்க' என்றாள்.
நித்திரைக் கலக்கத்தில் ராணியின் பெயர்
வாயில் வந்துவிட்டது: இரவதி.
போன கிழமை பார்த்தேன்,
கோயில் மதிலடியில் தன் நிழலை மிதிக்கப் பார்த்து
துள்ளித் துள்ளித் தோற்றுக்கொண்டிருந்தாள்.

இனி அந்த அட்டையில்
ஒரு பிள்ளைக்குத்தான் இடம்,
அதுவும் சின்ன எழுத்தில்.
போரதீவில் ஒருத்திக்கு இந்தக் கிழமை தவணை.

பாதை வந்திட்டுது, ஏறு.
மூலையை மடிக்காதே.
மருந்துச் சீட்டை அடையாளத்துக்கு வைத்துக்கொள்.
நாலாம் பாகம் வேண்டுமென்றால்
வெள்ளிக்கிழமை ஏழேகால் பாதைக்கு வா.
வராமலிருக்க மாட்டாய்.