பதினைந்தில்

எப்போதும் பதினான்காவது வளைவிலிருந்துதான் தொடங்குவேன்:
ஏற்காட்டிலிருந்து இறக்கம், பனி,
காபி மூட்டைகளோடு வேன் சாய்ந்தது,
பக்கத்து சீட்டில் இன்னாசி இல்லை.

பெண் பார்க்கப் போன வீட்டில்,
லோனுக்குப் போன வங்கியில்,
ஜங்ஷனில் தீப்பெட்டி கேட்டவனிடம்கூட
இதைச் சொல்லிவிட்டுத்தான் என் பெயரைச் சொன்னேன்.
ஒன்பது வருடம்.

அஸ்தம்பட்டி டாக்டரம்மா
மாத்திரை எழுதுவார் என்றிருந்தேன்.
பேனாவை மூடிவிட்டு
"பதினைந்தில் என்ன நடந்தது?" என்றார்.

எரிச்சலாக வந்தது.
இறங்கும்போது எண் குறையும் என்பது
இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

பதினைந்தில்
தம்பி கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
ஒரு சுளையை என் வாயில் திணித்து
"கொட்டையை முழுங்குண்ணா,
வயித்துல தோட்டம் போட்டுக்கலாம்" என்றான்.
சிரித்தோம்.
அந்தச் சிரிப்பை யாரிடமும் சொன்னதில்லை,
சிரித்ததால்தான் என்பார்கள்.
நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்,
வாய் திறக்காமல்.

இப்போதும் அவன் இல்லை.
பனி வந்தால் கை நடுங்குகிறது.

நேற்று கொண்டலாம்பட்டி பஸ்ஸில்
பக்கத்தில் இருந்தவர் பெயர் கேட்டார்.
சொன்னேன்.
வேறென்ன என்பதுபோல் பார்த்தார்.
ஜன்னல் பக்கம் கொஞ்சம்
நகர்ந்து உட்கார்ந்தேன்.