சுழி

மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் படிவம் வந்துவிட வேண்டும்.
ஃப்ராவன்ஃபெல்ட், கன்டோன் அலுவலகம், இரண்டாம் மாடி,
என் மேசை.
எத்தனை இரவு வலை போட்டீர்கள், எத்தனை கிலோ, என்ன விலை.
ஒன்றும் சிக்காவிட்டாலும் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது,
சுழி போட வேண்டும்.
வெறுமை என்றால் மறதி. சுழி என்றால் கணக்கு.
இந்தக் குறிப்பை எழுதியவள் நான்தான்,
ஜெர்மனில், தடித்த எழுத்தில்.

ரோமான்ஸ்ஹோர்னிலிருந்து ரெகுலா ஷ்டேஹெலி
நீல மையில் போடும் சுழிகள்
ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கும்,
துடுப்பை எடுத்த இடத்தில் தண்ணீர் சுழிப்பதுபோல.
ஃபெல்ஷன்: சுழி.
எக்லி: நான்கு கிலோ. மறுமாதம் ஒன்றரை.
ஃபெல்ஷன்: சுழி.
அதைப் பிடிக்கத் தடை வந்த பிறகு
அந்த வரியையே எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.
இருக்கட்டும் என்றார் மேலாளர்,
தடையும் ஓர் எண்தான்.

கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பவரைப் பற்றி
எங்கள் மொழியில் நல்ல பேச்சு இல்லை.
இங்கே குட்டை தெளிந்துவிட்டது, அதுதான் சங்கதி.
சவர்க்காரத் தூளில் பாஸ்பேட்டை நிறுத்தினார்கள்,
கழிவுநீரை வடித்து வடித்து விட்டார்கள்.
இப்போது ஆழத்துக் கல்லைப் படகிலிருந்தே எண்ணலாம்.
பாசி குறைந்தது, பாசி தின்னும் பூச்சி குறைந்தது,
பூச்சி தின்னும் மீன்
வயதுக்கு மெலிந்து வலைக்கண்ணில் நுழைந்து போகிறது.
நீர்க்காகத்துக்கு என் படிவத்தில் கட்டமில்லை.
இந்த ஏரியைக் குழாய் திறந்து குடிக்கிறார்கள் ஊர் ஊராக,
நானும்தான்.
அந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுத?

துறைமுகத்து உணவகத்தில்
சட்டப்படி மீனின் ஊரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்:
சாண்டர், எஸ்தோனியா. எக்லி, போலந்து.
இன்னோர் எக்லி உள்ளூர்தான்,
பழைய துணி ஆலைக்குள், தொட்டியில்,
விளக்குப் போட்டுப் பகல் செய்து வளர்த்தது.
ஏரி சன்னலுக்கு வெளியே நின்று
தட்டுக்கு ஆறு பிராங்க் கூட்டிக்கொடுக்கிறது.

எதை வைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று
ஒருநாள் தொலைபேசியில் ரெகுலாவைக் கேட்டுவிட்டேன்.
படிவத்தில் இல்லாத கேள்வி.
சிரித்தாள்.
வாரத்தில் மூன்று நாள் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலையாம்,
பாஸ்பரஸ் இறங்கிவிட்டதா என்று
குடுவையில் பிடித்துப் பார்ப்பது.
"ஏரியைப் பட்டினி போடச் சம்பளம்,
அந்தச் சம்பளத்தில் படகுக்கு டீசல்."

டிசம்பர்ப் படிவத்தில்
சுழிகளுக்கெல்லாம் கீழே, 'பிற' என்ற வரியில்,
செங்கண் மீன், இருபத்து மூன்று கிலோ.
விலை: சுழி.
கணினி சிவந்தது. எடை இருந்தால் விலை வேண்டும் அதற்கு.
கூப்பிட்டேன்.
முள் அதிகம், யாரும் கேட்பதில்லை, கொட்டிவிட்டேன் என்றாள்.
முள்ளா, என்றேன்.
அடுத்த முறை கொட்டாதீர்கள்.

ஒரு ஞாயிறு ரயிலேறிப் போனேன், பனிப்பெட்டியோடு.
ஐந்து கிலோ.
கிலோ என்ன விலை என்று அவளுக்கும் தெரியவில்லை.
கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
படகோரம் நின்று இருவரும் யோசித்தோம்.
ஏழு என்றாள் விற்பவள்.
ஒன்பது என்றேன் வாங்குபவள்.
எட்டில் நின்றது.

அடுத்த படிவத்தில், வாங்கியவர் என்ற இடத்தில்
என் பெயர், நடுவில் ஓர் அசை குறைய:
கோகிலதனி.
மேலாளர் ட்சுப்பிங்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
கணக்கெடுப்பவர் கணக்குக்குள் வரலாமா?
விதிகளில் தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும்.
அதுவரை அறிக்கையின் வரைவில் அந்த வரி இருக்கிறது:
செங்கண் மீன், கன்டோன் முழுவதற்கும் சராசரி விலை,
கிலோ எட்டு பிராங்க்.

சராசரி என்றால்
நானும் ஒரு சட்டி புளிக்குழம்பும்.