நெல்லைப் பற்றி ஒரு ஹதீஸ்

தரம் பத்து. முப்பத்தேழு ஒப்படைகள்.
இஷாவுக்குப் பிறகுதான் கட்டைப் பிரித்தேன்.
பத்தொன்பதாவது நுஸைலாவுடையது:
சம்மாந்துறைப் பிள்ளை, வயற்காரர் வீடு,
வேளாண்மை பற்றி எழுதியிருந்தாள்.

உதிர்ந்த நெல்லைக் குருவிக்கென்று
விட்டு வருபவனைப் பற்றி
ஒரு ஹதீஸ்.
கண் கலங்கிப்போயிற்று எனக்கு.
கீழே அறிவிப்பாளர், கிரந்தம், இலக்கம்
எல்லாம் ஒழுங்காய்.

அந்த ஒழுங்குதான் உறுத்தியது.
மதீனாவில் ஏது நெல்?
பேரீச்சந் தோட்டத்துக்கு நடுவே
நம்மட வட்டையை
யார் கொண்டுபோய் வைத்தது?

இலக்கத்தைப் புரட்டினேன்,
கடனைப் பற்றி வேறொன்று இருந்தது.
அந்தப் பெயரில் ஓர் அறிவிப்பாளர்
பிறக்கவே இல்லை.

போனை எடுத்து ஏஐயிடமே கேட்டேன்.
மன்னிக்கவும் என்றது.
அப்படியொரு ஹதீஸ் இல்லை என்றது.
வேறொன்று தரவா என்றது.
தன் பொய்யைத் தானே ஒப்புக்கொண்ட ராவியிடம்
அடுத்த சொல்லை வாங்கமாட்டார்கள் இமாம்கள்.
இதுவோ
விடிய விடிய அறிவிக்கும், களைக்காது.

ஆனால் பிள்ளை என்ன கேட்டிருப்பாள்?
தன் வாப்பாவின் வயல்
நபிகளாரின் நாவில் ஒருமுறை
வந்துபோகவேண்டுமென்று
ஆசைப்பட்டிருப்பாள்.
மெசின் அந்த ஆசையைத்தான்
அவளுக்கே அறிவித்திருக்கிறது.

சிவப்புப் பேனையால் ஓரத்தில்
'யாரிடம் கேட்டாய்?' என்று எழுதினேன்.
மை காயவில்லை,
கேள்வி என் பக்கம் திரும்பிவிட்டது.

பதினொரு வருடம்
என் வகுப்புச் சுவரில் நிற்கும் வாசகம்,
சீனா போயாவது கல்வி தேடு.
பெயின்டுக்கு என் காசு.
நான் யாரிடம் கேட்டேன்?
ஒரு பயான். ஒரு கலண்டர் தாள்.
அதற்கப்பால் சங்கிலி இல்லை.

அலுமாரியிலிருந்து கிதாபை இறக்கினேன்.
பலவீனம் என்கிறார் ஒருவர்.
இட்டுக்கட்டு என்கிறார் மற்றவர்.
மன்னிக்கவும் என்று
நான் எவருக்கும் சொன்னதில்லை.

வெளியே வெட்டு மெசின்
இரவோடிரவாய் வயலை முடிக்கிறது.
அது சிந்துவதைக் காலையில்
குருவிகள் வந்து தின்னும்,
ஆதாரம் கேளாமல்.

அதிபரிடம் வெள்ளைப் பெயின்ட் கேட்கவேண்டும்.
என்னத்துக்கு டீச்சர், நல்ல வசனம்தானே என்பார்.
நல்ல வசனம்தான் சேர்.

மணி பன்னிரண்டு.
நுஸைலாவுக்கு இன்னும்
புள்ளி போடவில்லை.