பிடிக்கு ஆள்

போன தையில், பேரையூர் அரையிறுதியில்
எங்கள் இடது கவரின் முழங்கால்
முருங்கைக் கிளை மாதிரி ஒரு சத்தம் போட்டது.
பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள்.
நாலு பேரும் பாடிப் போகிறவர்கள்,
நாலு பேருக்கும் முடியில் செம்பட்டைச் சாயம்.
பிடிக்க ஒருத்தன் இல்லை.
பதினோரு புள்ளி முன்னால் இருந்து
மூன்று புள்ளியில் தோற்று
வேனில் யாரும் பேசாமல் செக்கானூரணி வந்து சேர்ந்தோம்.

இந்த வருஷம் வசூல் அறுபத்திரண்டாயிரம்.
அதில் ஐயாயிரம் இன்னும் வாய்ச்சொல்.
டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை:
நத்தம் பக்கம் ஒரு பையன் இருக்கானாம்,
மூணு பேரைத் தொட்டுட்டு
நாம கைலியை மடிச்சுக் கட்டுறதுக்குள்ள
கோட்டுக்குத் திரும்பிருவானாம்.
நான் நோட்டைத் திறந்து எழுதினேன்:
பிடிக்கு ஆள், மூன்று.
பொருளாளர் பவுன்ராசு பேனாவையே பார்த்தார்.
"அவனுகளுக்கு எவன்யா விசிலடிப்பான்?"

ஞாயிற்றுக்கிழமை, மாட்டுச்சந்தைப் பொட்டல்.
சாணியை ஒதுக்கிக் கோடு போட்டோம்.
சுண்ணாம்பு பத்தாமல் கடைசிக் கோடு சாம்பலில்.
எடை பார்க்க பழைய இரும்புக்கடைத் தராசு.
இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள்.
தொடையைத் தட்டி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து
ஒவ்வொருவராகப் பாடிக் காட்டத் தொடங்க,
போதும் என்றேன்.
இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நில்லுங்கள்.
டெம்போ ஓட்டுகிற முத்திருளன், நூற்றுப்பத்து கிலோ,
ஓடி வந்து நடுவில் விழுவான்.
நான் கோத்த கையை மட்டும் பார்ப்பேன்.

ஓட்டத்தில் என்ன இருக்கிறது,
நாய் துரத்தினால் நானும் ஓடுவேன்.
எதிரே ஓர் உடம்பு மூச்சைக் கட்டிக்கொண்டு வரும்போது
பக்கத்து ஆளின் விரலை விடாமல் நிற்பதற்கு
கால் உதவாது.

நல்ல கைகள்தான், பெரும்பாலும்
மோதுவதற்கு ஒரு நொடி முன்பே விட்டன.
தன் முகத்தைக் காக்கத்தான் எந்தக் கையும் முதலில் போகிறது.

ஷாஜகான் விடவில்லை.
திருமங்கலம் ரோட்டில் பரோட்டா மாஸ்டர்,
தினம் இருபது கிலோ மைதாவோடு மல்லுக்கட்டுகிற மணிக்கட்டு.
ராயப்பன் விடவில்லை.
மாட்டுத்தாவணியில் வெங்காய மூட்டை இறக்குகிறவன்,
எண்பத்து நாலே முக்கால், தராசு முள் கோட்டைத் தாண்டவில்லை.
விழுந்தான். வாயெல்லாம் சாம்பல்.
மேலே நீட்டிய கை மட்டும் கோத்தபடி இருந்தது.

மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை என்று
நோட்டை மூடி, வண்டிச் சாவியைத் தேடும்போதுதான் உறைத்தது.
கோத்த கை என்றால்
அந்தப் பக்கமும் ஒரு கை இருந்திருக்குமே.

தேடிப் பிடித்தோம். தங்கமாயன்.
ஐம்பத்தொன்பது கிலோ. தேர்வுக்கு வந்தவனே இல்லை.
ராயப்பனை பைக்கில் கொண்டுவந்து இறக்கியவன்,
ஜோடி குறைகிறதே என்று வந்து நின்றிருக்கிறான்.
விரல் நகம் பெயர்ந்து ரத்தம்.
"விடச் சொல்லி யாரும் சொல்லலையேண்ணே" என்றான்.

ஃபிளெக்ஸ் வந்தது.
பாடிப் போகிறவர்கள் கூலிங்கிளாஸோடு ஆளுயரம்.
இவர்கள் மூவரும் கீழே,
அச்சடித்தவனின் போன் நம்பருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவு.
தங்கமாயனுக்கு ஆதார் அட்டைப் படம்.
பவுன்ராசு என்னைப் பார்த்தார்.
நான் ஃபிளெக்ஸைப் பார்த்தேன்.

மேலூர், காலிறுதி, இரவு பதினொன்றே முக்கால்.
வலது கவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்த இடத்திலேயே தலையாட்டுகிறான்.
நான் திரும்புவதற்குள்
மூன்று பேரும் எழுந்து நிற்கிறார்கள்.
ஷாஜகான் கையில் பாதி வடை.

உள்ள வர்றது யாரு, பேரு என்ன?
மைக்காரருக்குக் கத்திச் சொன்னேன்.
ஜெனரேட்டர் இரைச்சலில் அவர்
தங்கராஜ் என்று அறிவித்தார்.
யாரும் விசிலடிக்கவில்லை, யாரும் திருத்தவும் இல்லை.
அவன் அதற்குள் உள்ளே போய்
பக்கத்து ஆளின் விரலைத்
தேடிக்கொண்டிருந்தான்.